கோணலேரி காப்புக்காடு

காடு மழையால் வளர்கிறது, மண்ணால் வளர்கிறது, பறவை போட்ட விதையால் வளர்கிறது என்பதெல்லாம் அறியாமைக் காலத்து நம்பிக்கைகள். கண்ணாடி பதித்த ஒரு மேசை, அதற்கு அடியில் ஒரு டியூப் லைட், நன்றாகச் சீவிய சிவப்புப் பென்சில் ஒன்று இருந்தால் எந்த இடத்திலும் காடு வளர்க்கலாம் என்று உலகுக்குக் காட்டிய பெருமை எங்கள் அலுவலகத்துக்கே உரியது. அந்த அலுவலகம் தாம்பரத்தை அடுத்த சேலையூரில், கேம்ப் ரோட்டில், கல்யாணப் பாத்திரங்கள் வாடகைக்கு விடும் கடையின் மாடியில் இருந்தது. முகூர்த்த நாட்களில் கீழே அண்டாக்களை உருட்டும்போது மேலே எங்கள் காடுகள் சற்று அதிரும்.

அலுவலகத்தின் பெயர் 'வட்ட மரப்பரப்புத் தொலையுணர்வு மதிப்பீட்டு அலகு'. பலகை எழுத வந்தவருக்குத் 'தொலையுணர்வு' வரைக்கும்தான் பலகையில் இடம் இருந்தது. மிச்சத்தைச் சுவரில் எழுதிவிட்டுப் போனார். அலகின் தலைவர் இணை இயக்குநர் திரு. பத்ரிநாராயணன். அவருக்கு அடுத்தபடி நான், சவுரிமுத்து, வரைபட உதவியாளர். எனக்கு அடுத்தபடி ஜீப் டிரைவர் துளசிங்கம். துளசிங்கத்துக்கு அடுத்தபடி ஜீப். வாரத்தில் பாதி நாள் நாங்கள் மூவரும் அதற்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருப்போம்.

நான் சொல்வது எண்பத்தொன்பதாம் வருஷம். நம் நாட்டிலேயே செய்த செயற்கைக்கோள் ஒன்று தொள்ளாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு படம் எடுத்து அனுப்பிய காலம். அந்தப் படத்தில் பச்சை இலை சிவப்பாகத் தெரியும். ஏன் என்று கேட்பவர்களுக்குப் பத்ரிநாராயணன் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து விளக்குவார், ஆகையால் யாரும் கேட்பதில்லை. வெளிர்ச் சிவப்பு என்றால் புதர், நடுத்தரச் சிவப்பு என்றால் தோப்பு, இரத்தச் சிவப்பு என்றால் அடர்ந்த காடு. படம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டம் என்பது தரையில் முப்பத்தாறு மீட்டர் நீளம், அதே அகலம். அதற்குள் நாலு புளியமரமும் ஒரு டீக்கடையும் ஓர் அம்மன் கோயிலும் இருந்தால், எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரு மாதிரி ரோஸ் நிறத்தில் சமத்துவமாகத் தெரியும்.

எங்கள் வட்டத்துக்கு ஒரு குறை இருந்தது. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு மரங்கள் நிற்க வேண்டும் என்பது டில்லியின் கொள்கை. எங்களிடம் ஜி.எஸ்.டி. ரோட்டுப் புளியமரங்களையும் வீட்டுக் கொல்லை முருங்கைகளையும் சேர்த்துக்கொண்டாலும் நூற்றுக்கு மூன்றுதான் தேறியது. நூற்றுக்கு முப்பத்துமூன்று வேண்டிய இடத்தில் மூன்று. பக்கத்தில் இன்னொரு மூன்றைப் போட்டால் முடிந்தது என்று பத்ரிநாராயணன் தைரியம் சொன்னார். அந்த வருஷமும் மரப்பரப்பு ஏறாவிட்டால் அலகை மூடி, எங்களை ராமநாதபுரத்துக்கு அனுப்பிவிடுவதாகப் பேச்சு இருந்தது. அங்கே படத்தில் சிவப்பே கிடையாது.

அந்த நிலையில்தான் திருநீர்மலைக்குத் தெற்கே காடு கண்டுபிடிக்கப்பட்டது.

படத்தை மேசையில் விரித்து டியூப் லைட்டைப் போட்டதும் அது பளிச்சென்று தெரிந்தது. இரத்தச் சிவப்பு. அவரைக்கொட்டை வடிவம். பத்ரிநாராயணன் பூதக்கண்ணாடியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் பழைய சர்வே வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"சார், இதுல அந்த இடத்துல ஏரின்னு போட்டிருக்கு. கோணலேரி."

"எந்த வருஷத்து ஷீட்?"

"எழுபத்திரண்டு சார்."

"அப்போ ஏரியா இருந்திருக்கு. இப்போ காடா இருக்கு. நடுவுல இத்தனை வருஷம் கவர்ன்மென்ட் சும்மாவா இருந்திருக்கும்?"

அந்த ஏரி எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஏரிக்கரைத் தெருவை ஒட்டியது, அதில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன் என்று மெல்லச் சொன்னேன். பத்ரிநாராயணன் என்னைப் பரிவோடு பார்த்தார்.

"கண்ணால பார்த்ததெல்லாம் டேட்டா ஆகாது, சவுரிமுத்து."

இதைப் போன்ற தெளிவு இருப்பதால்தான் சிலர் இணை இயக்குநர் ஆகிறார்கள், சிலர் ஆவதில்லை. நான் பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன்.

ஆனாலும் விஞ்ஞானம் கண்மூடித்தனமானது அல்ல. மேலிருந்து பார்த்ததைக் கீழே நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று அதில் விதி உண்டு. அதற்குத் 'தரை உண்மை' என்று பெயர். மற்ற இலாகாக்களில் உண்மைக்கு இப்படித் தனியாக ஒரு பெயரும் பயணப்படியும் கிடையாது. ஆவணியில் ஒரு சனிக்கிழமை ஜீப்பைத் தள்ளிக் கிளப்பிக்கொண்டு தரை உண்மையைப் பார்க்கப் புறப்பட்டோம்.

ஏரிக்கரைக்குப் போகும் வண்டிப்பாதை சேறாக இருந்தது. இறங்கிக் கால் மைல் நடந்தால் கரை. முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று பத்ரிநாராயணன் சொல்லிவிட்டார். பிறகு திருநீர்மலைப் படிகளில் ஏறி ரங்கநாதரைச் சேவிக்கப் போனார். பக்தி என்றால் அதுதான். என்னைச் செருப்புகளுக்குக் காவலாக அடிவாரத்தில் விட்டிருந்தார். ஜீப்புக்குள் துளசிங்கம் தூங்கினான்.

அவர் இறங்கி வந்தபோது நெற்றியில் துளசித் தீர்த்தம், கையில் புளியோதரைப் பொட்டலம், முகத்தில் ஞானம். மலை மேலிருந்து தெற்கே பார்த்தாராம். பச்சைப் பசேலென்று இருந்ததாம். நடுநடுவே ஊதாப்பூ பூத்திருந்ததாம். 'பூக்கும் இனங்கள் நிறைந்த அடர்வனம்' என்று ஜீப்பின் பானட்டில் வைத்தே எழுதினார். இரண்டாவது சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். நான் நின்ற இடத்திலிருந்து ஒரு பூக்கடையும் ஒரு சோடாக்கடையும்தான் தெரிந்தன. அவற்றில் மறுப்பதற்கு எதுவும் இல்லை.

மாதம் திரும்புவதற்குள் கோணலேரி, 'கோணலேரி காப்புக்காடு' ஆயிற்று. கரையில் பலகை நட்டோம். மரம் வெட்டக் கூடாது, தீ மூட்டக் கூடாது, கால்நடைகள் நுழையக் கூடாது. காட்டுக்குக் காவலர் வேண்டுமே, ஜீப்பும் ஒரேயடியாக நின்றுவிட்டதால் துளசிங்கத்துக்குக் காக்கிச் சட்டையும் ஒரு தடியும் கொடுத்து அங்கே அனுப்பினார்கள். தீத்தடுப்பு விதிகளின்படி ஆறு வாளி நிறைய மணலும் போய்ச் சேர்ந்தது.

துளசிங்கம் முதல் வாரமே அலுவலகத்துக்கு வந்து நின்றான்.

"சார், நான் டிரைவரு. எனக்குக் காடும் தெரியாது, நீச்சலும் தெரியாது. சுத்திலும் தண்ணியா கீது. நடுவுல நெருப்பு வந்தா மண்ணள்ளிப் போடச் சொல்லிக் குடுத்துகீறாங்க. இன்னா சார் இது, பேஜாரா கீது."

தீ எங்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று பத்ரிநாராயணன் அவனுக்கு எடுத்துச் சொன்னார். துளசிங்கமும் யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் காட்டிய கடமையுணர்ச்சியை நான் புகழாமல் இருக்க முடியாது. மூன்று அரிவாள், ஒரு வாழைத்தண்டுத் தெப்பம், ஓர் எருமை ஆகியவற்றைப் பறிமுதல் செய்தான். எருமை காட்டுக்குள்ளேயே, கழுத்தளவு காட்டில், படுத்திருந்த நிலையில் பிடிபட்டது. அது வனவிலங்கா, வளர்ப்பு விலங்கா என்று மேலிடத்தில் கேட்டு எழுதினோம். பதில் வரும்வரை அதை அலுவலக மாடிப்படியின் கீழ் கட்டி வைத்தோம். பால் 'ஆய்வுக்காக' இணை இயக்குநர் வீட்டுக்குப் போனது. அவர் மனைவி திரிபுரசுந்தரி அம்மாள் அதைத் தயிராகவும் நெய்யாகவும் ஆய்வு செய்தார்.

அரிவாள்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏரிக்கரைத் தெருவில் ஒரு வழக்கம். புரட்டாசி பிறந்ததும், மழைக்கு முன்னால், வீட்டுக்கு ஓர் ஆள் ஏரியில் இறங்கி, மதகை அடைத்துக்கொண்டிருக்கும் ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போடுவார்கள். ஆள் அனுப்பாத வீடு மற்ற எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். மதகு திறந்தால்தான் ஏரித் தண்ணீர் கால்வாயில் இறங்கும். அடைத்துக்கொண்டால் தெருவில் இறங்கும். தெருவில் மதகுக்குப் பக்கத்து வீடு, கடைசி வீடு, ஏசுபாதத்துடையது. ஏசுபாதம் கொத்தனார். அவர் மனைவி செல்வமேரி ரவிக்கை தைப்பவள். அந்தத் தெருவில் பாதிப் பேர் முதுகில் ஏறிய துணி அவள் மெஷினில் ஓடியதுதான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருவாள். கோயில் வாசலில் என்னை அண்ணா என்பாள்.

புரட்டாசி இரண்டாம் வாரம் அவள் புருஷனோடு எங்கள் மாடிக்கு வந்தாள். மாடியில் நான் அவளுக்கு 'சார்' ஆகிவிட்டேன். ஏசுபாதம் கதவோரத்தில் நின்றார்.

"சார், அது காடு இல்ல. ஆகாயத்தாமர. அத்த இழுத்துப் போடலேனா மதகு தெறக்க முடியாது. மழ வந்தா மொத தண்ணி என் வூட்டுக்குள்ளதான் வரும்."

பத்ரிநாராயணன் கோபப்படவில்லை. குடிமக்களுக்கு விஞ்ஞானத்தைக் கொண்டு சேர்ப்பதும் எங்கள் பணிகளில் ஒன்று. அவளை மேசையருகே கூப்பிட்டு, டியூப் லைட்டைப் போட்டு, படத்தைக் காட்டினார். அவரைக்கொட்டை சிவப்பாக ஒளிர்ந்தது. செல்வமேரி நெடுநேரம் குனிந்து பார்த்தாள்.

"இதுல என் வூடு எங்க கீது சார்?"

பத்ரிநாராயணன் பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினார். நானும் தேடினேன். கரையோரக் கட்டங்களில் பாதி காடு, பாதி தெரு. கலந்து பார்த்தால் காடு. வீடு தனியாகத் தெரியவில்லை. அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை, சேலையூரில் தம் சொந்த வீடும் இந்தப் படத்தில் தெரியாது என்று பத்ரிநாராயணன் அவளுக்கு ஆறுதல் சொன்னார். பிறகு, முறைப்படி விண்ணப்பித்தால் மரம் வெட்ட அனுமதி கிடைக்கக்கூடும் என்றும் சொன்னார். வெட்டப்போகும் ஒவ்வொரு மரத்தையும் மார்பளவு உயரத்தில் சுற்றளவு அளந்து எழுத வேண்டும்.

செல்வமேரி புருஷனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எறங்கி நின்னா தண்ணியே மார் அளவு கீது சார். எலை தண்ணிக்கு மேல ஒரு சாண். நான் எதை அளக்கறது?"

அந்த நிலைமைக்கு விதிகளில் இடமில்லை என்று பத்ரிநாராயணன் மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்தார். அவர்கள் படியிறங்கினார்கள். கீழே கட்டியிருந்த எருமையை ஏசுபாதம் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனதை ஜன்னல் வழியே பார்த்தேன். எருமை பக்கத்து வீட்டுக்காரருடையதாம். எனக்கும் மனசு கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு மாதாந்திர அறிக்கை அனுப்ப வேண்டிய நாள்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. தாம்பரத்தில் சுரங்கப்பாதை நிரம்பியது, பல்லவன் பஸ்கள் பாதியில் நின்றன. எங்கள் அலுவலகத்தில் கீழ்க்கடை அண்டாக்களை வாங்கி ஒழுகுமிடங்களில் வைத்தோம். கோணலேரியில் மதகு திறக்கவில்லை. காட்டின் கதவை உடைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. துளசிங்கம் தடியோடு ஒரு வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அந்தக் காப்புக்காட்டைச் சுற்றியிருந்த ஒரே மரம் அதுதான். ஏரி கரை தளும்பி, ஏரிக்கரைத் தெருவில் இறங்கியது. தண்ணீர் தனியாக வரவில்லை. காடும் கூடவே வந்தது. ஊதாப்பூவோடு, தவளைகளோடு, மெத்தை மெத்தையாக மிதந்து வந்து வாசல்களில் நின்றது, கதவு திறந்திருந்த வீடுகளில் உள்ளே போனது.

தெரு ஜனம் முழுக்க மாதா கோயிலில் தங்கியது. ஞாயிறு பூசைக்கு நான் போனபோது பெஞ்சுகளின் மேல் பாயும் தட்டுமுட்டுச் சாமானுமாக இருந்தது. என் முன் பெஞ்சில் செல்வமேரியின் தையல் மெஷின் ஒரு போர்வைக்கு மேல் உட்கார்ந்திருந்தது. அவள் பின்னால் எங்கோ நின்றிருந்தாள். சாமியார் நோவாவின் பேழையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். நான் கடைசிப் பாட்டுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன். வீட்டில் விருந்தாளி வருவதாக நினைவு.

தை மாதம் புதிய படம் வந்தது. மேகமில்லாத, துல்லியமான படம். பத்ரிநாராயணன் டியூப் லைட்டைப் போட்டார். அவரைக்கொட்டை பலாக்கொட்டை ஆகியிருந்தது.

மூன்றே மாதத்தில் ஒரு காடு இப்படி வளர்ந்த சம்பவம் எங்கள் துறையின் வரலாற்றில் கிடையாது. தேக்குக்கு நாற்பது வருஷம் வேண்டும், சந்தனத்துக்கு அதற்கும் மேல். எங்கள் காடு ஒரே மழையில் தெருவைத் தாண்டியிருந்தது. டில்லியிலிருந்து பாராட்டு வந்தது. அடுத்து ஒரு குழு வந்தது. குழு திருநீர்மலையில் ஏறிப் பார்த்துவிட்டுப் புளியோதரை சாப்பிட்டது. கேம்ப் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து விழா நடத்தினோம். கீழ்க்கடைக்காரர் பாத்திரங்களை இலவசமாகத் தந்தார். மக்களின் ஒத்துழைப்பு இல்லாமல் இந்தக் காடு வளர்ந்திருக்காது என்று பத்ரிநாராயணன் நாத்தழுதழுக்கப் பேசினார். அது உண்மை. ஏரிக்கரைத் தெருவில் ஒருவர்கூட ஓர் இலையையும் கிள்ளவில்லை. கிள்ளியிருந்தால் துளசிங்கம் விட்டிருக்க மாட்டான். விழா முடிவில் பத்ரிநாராயணனுக்குப் பதவி உயர்வும் எனக்கு ஒரு குத்துவிளக்கும் கிடைத்தன.

எந்த வளர்ச்சியிலும் ஒரு சிறு இடைஞ்சல் இருக்கும். விரிந்த காட்டின் எல்லையை வரைந்தபோது அதற்குள் ஏரிக்கரைத் தெரு சிக்கிக்கொண்டது. காப்புக்காட்டுக்குள் குடியிருப்பு கூடாது. ஆகவே 'வனநிலத்தில் அத்துமீறிக் குடியேறியவர்களுக்கு' நோட்டீசு தயாரானது. முதல் நோட்டீசு எல்லையோரத்து வீடான ஏசுபாதம் வீட்டுக்கு. தெருக்காரர்கள் எனக்குத் தெரிந்தவர்கள் என்பதால், நாசூக்காகக் கொடுப்பேன் என்று என்னையே அனுப்பினார்கள்.

தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு வடிந்திருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். காடு வடியவில்லை. செல்வமேரி வீட்டில் அது அடுப்புவரைக்கும் இருந்தது. ஏசுபாதம் வேலைக்குப் போயிருந்தார். அவள் மெஷினைக் கயிற்றுக் கட்டிலின் மேல் ஏற்றி வைத்து, கத்தியால் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். அது சுற்றவில்லை. நான் வாசலில் கிடந்த அம்மிக்கல்லின் மேல் ஏறி, செருப்பைப் போட்டு நின்றுகொண்டு நோட்டீசைப் படித்தேன். பதினைந்து நாட்களுக்குள் காலி செய்ய வேண்டும்.

அவள் சுரண்டுவதை நிறுத்தினாள்.

"வூட்டுக்குள்ள அது வந்துச்சா, அதுக்குள்ள நாங்க வந்தமா?"

நியாயமான சந்தேகம். அதற்கு என்னிடம் விஞ்ஞானபூர்வமான பதில் இருந்தது. இரண்டு படத்திலும் காடு இருக்கிறது. இரண்டு படத்திலும் வீடு இல்லை. ஆகவே பின்னால் வந்தது வீடுதான். இதைப் பொறுமையாக அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"மழை அன்னிக்குக் கழுத்துத் தண்ணில நின்னுகினு இருந்தேன். இந்த மிசின் தலைமேல. ஆளுங்க கயிறு கட்டி வர்ற வரைக்கும் நின்னேன். அப்போகூட நான் அதுக்குத் தெரியலியா?"

அன்று மேகம் என்றேன். மேகம் இல்லாவிட்டாலும் ஒரு கட்டம் முப்பத்தாறு மீட்டர், அதற்குள் ஓர் ஆள் தனியாகத் தெரிய வழியில்லை என்றேன். அது யார்மேலும் தப்பு இல்லை.

"அது எவ்ளோ ஒசரத்துல கீது?"

"தொள்ளாயிரம் கிலோமீட்டர்."

அவள் கூரையில் பிரிந்திருந்த ஓலை வழியே கொஞ்சநேரம் மேலே பார்த்தாள். பிறகு ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நோட்டீசை வாங்கினாள். நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"அவ்ளோ ஒசரத்துலேர்ந்து பாத்தா தெரியாதுதான். அத்த ஒண்ணும் சொல்லக்கூடாது." பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "நீ எவ்ளோ ஒசரத்துல கீற அண்ணா?"

இந்தக் கேள்விக்கும் தொலையுணர்வுத் துறைக்கும் சம்பந்தம் இல்லை. அம்மிக்கல் ஒரு முழ உயரம். அதன்மேல் நான், என் செருப்பு நனையாமல், அவளிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன். நோட்டீசின் நகலில் கள ஆய்வுக் குறிப்புக்கென்று விடப்பட்டிருந்த இடத்தை நிரப்பி, தேதி போட்டு, கையெழுத்திட்டேன்:

'தரை உண்மை நேரில் சரிபார்க்கப்பட்டது. காடு அடர்த்தியாக உள்ளது. ஆட்கள் எவரும் தென்படவில்லை.'